சாரணியர் தலைவி ஒலேவ் பேடன் பவல்



பரிசளிப்பு விழா என்றால் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிள்ளை மேடை ஏறும். நாம் கை தட்டுவோம். நல்லதுதான். ஆனால் பெயர் சொல்லாத ஒரு நிகழ்ச்சியும் அதே மேடையில் நடக்கிறது, கவனித்திருப்பீர்கள். பெண் பிள்ளைகள் இருபது முப்பது பேர் வரிசையாக நின்று ஒரே குரலாகப் பாடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். அதில் எது உங்கள் மகளின் குரல் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாது. முடியாமல் இருப்பதுதான் அந்தப் பாட்டின் சிறப்பு.

பெண் பிள்ளைகள் ஒன்றாகக் கூடி, சீருடை அணிந்து, வட்டமாக நின்று பாடும் இந்த வழக்கம் இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. அதற்கு இடம் கொடுத்த இயக்கங்களில் முதன்மையானது பெண் சாரணியர் இயக்கம். நம் நாட்டில் பண்டு புத்திரி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துனாஸ் புத்திரி. அந்த இயக்கத்தை நாடு நாடாகக் கொண்டு சென்று வளர்த்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர்தான் சீமாட்டி ஒலேவ் பேடன் பவல்.

ஒலேவ் 1889-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு என்னும் ஊரின் அருகே பிறந்தார். தந்தையார் ஹெரால்டு சோம்ஸ், பீர் காய்ச்சும் ஆலைக்குச் சொந்தக்காரர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. அக்காள் ஒருவர், அண்ணன் ஒருவர், ஒலேவ் கடைக்குட்டி. இப்படிப்பட்ட பணக்கார வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கவில்லை என்றால் ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா? ஆனால் உண்மை அதுதான். பெற்றோரும், வீட்டோடு அமர்த்திய ஆசிரியைகளும் சொல்லிக் கொடுத்ததே அவருடைய படிப்பு.

அது மட்டுமா? தந்தையார் ஓர் இடத்தில் நிலையாக இருக்க மாட்டார். ஒலேவுக்குத் திருமணம் ஆவதற்குள் குடும்பம் பதினேழு வீடுகள் மாறியது. தோட்டம் விட்டுத் தோட்டம் போன நம்மவர்களுக்கு இதன் சங்கடம் தெரியும். ஒரு வீட்டில் மனம் ஒட்டுவதற்குள் சாமான் கட்ட வேண்டும். பழகிய முகத்தை விட்டுப் போக வேண்டும். ஒலேவுக்குக் குதிரை ஏற்றம் தெரியும், நீச்சல் தெரியும், டென்னிஸ் தெரியும். வயலினும் பழகினார்; அதில் அவருக்கு மிகுந்த ஆசை. வேண்டியதெல்லாம் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றே ஒன்று. பத்துப் பேர் சேர்ந்து ஒன்றாக ஒரு காரியம் செய்கிற பள்ளிக்கூட வாழ்க்கைதான் அவருக்கு வாய்க்கவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பெண்ணுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. விருந்துக்குப் போவது, விருந்து வைப்பது, மாப்பிள்ளைக்காகக் காத்திருப்பது, இவ்வளவுதான். ஒலேவுக்கு இது சலித்துவிட்டது. ஏதாவது பயனுள்ள காரியம் செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருந்துகொண்டே இருந்தது. வழிதான் தெரியவில்லை.

வழி கடலில் கிடைத்தது. 1912-ஆம் ஆண்டு ஜனவரியில் தந்தையாரோடு ஆர்கேடியன் என்ற கப்பலில் பயணம் போனார். அதே கப்பலில் இருந்தவர் ராபர்ட் பேடன் பவல். தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்ற ஊரை 217 நாள் முற்றுகையில் காத்து நின்ற படைத்தலைவர். 1907-இல் சிறுவர்களுக்காகச் சாரணர் முகாம் நடத்தி, அடுத்த ஆண்டே சாரணர் நூல் எழுதி, உலகப் புகழ் பெற்றிருந்தவர். அவருக்கு வயது 54. ஒலேவுக்கு 22. இரண்டு பேருக்கும் பிறந்த நாள் ஒன்றே, பிப்ரவரி 22! அந்த ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் திருமணம் நடந்தது. வயது வித்தியாசத்தைப் பார்த்து ஊர் பேசாமல் இருக்குமா? பேசியது. ஆனால் அவர்கள் இருவரும் இருபத்தெட்டு ஆண்டு காலம் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்து காட்டினார்கள்.

இந்த இடத்தில் பெண் சாரணியர் எப்படித் தோன்றினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1909-ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் திடலில் சாரணச் சிறுவர்களின் பெருங்கூட்டம் நடந்தது. அழைப்பில்லாமல் சில பெண் பிள்ளைகளும் தொப்பியும் கோலுமாய் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். தாங்களும் சாரணர்தான் என்றார்கள்! பேடன் பவலால் அவர்களைத் தள்ளிவிட முடியவில்லை. அதன் பலனாக 1910-இல் பெண்களுக்கென்று தனி இயக்கம் ஏற்பட்டது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அம்மையார் அதற்குத் தலைமை தாங்கினார். ஆகவே, மாணவிகளே, உங்கள் இயக்கம் யாரும் கூப்பிட்டுக் கொடுத்த பரிசு அன்று. துணிந்து வந்து வரிசையில் நின்ற பெண் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது.

ஒலேவ் 1914-இல் இந்த இயக்கத்துக்கு உழைக்க முன்வந்தார். தலைவரின் மனைவி ஆயிற்றே, உடனே ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. வயது போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! ஒலேவ் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. முதல் உலகப் போர் மூண்டிருந்த நேரம் அது. 1915-இல் பிரான்சுக்குப் போய், போர்வீரர்கள் இளைப்பாறும் விடுதியில் பணி செய்தார். திரும்பி வந்ததும் 1916-இல் சசெக்ஸ் மாவட்டத்தில் சாரணியர் பொறுப்பை ஏற்றார். ஊர் ஊராகச் சென்று, தகுந்த பெண்களைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தலைவியை நியமித்தார். திருப்பி அனுப்பிய அதே தலைமையகம், இரண்டே ஆண்டில் அவரையே தலைமை ஆணையர் ஆக்கியது. 1918-இல் இயக்கத்தின் தலைவி ஆனார். 1930-இல் உலகச் சாரணியர் தலைவியாக எல்லா நாட்டாரும் சேர்ந்து அவரை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பட்டம் அவர் ஒருவருக்கே உரியது. அவருக்கு முன்னும் யாருக்கும் இல்லை, பின்னும் இல்லை.

இதற்கிடையில் குடும்பப் பாரமும் சிறிதன்று. ஒரு மகன், இரண்டு மகள்கள். 1919-இல் அக்காள் இறந்துபோக, அவருடைய மூன்று பெண் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாகவே எடுத்து வளர்த்தார். வீட்டு வேலை இருக்கிறது, பொது வேலைக்கு நேரம் இல்லை என்று சொல்லும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, பாட்டுக்கு வருவோம். சாரணியர் முகாமில் மாலை ஆனதும் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டுவார்கள். சுற்றி வட்டமாக அமர்வார்கள். தீ கொழுந்துவிட்டு எரியும்போது வேடிக்கைப் பாட்டு, கைகால் அசைத்துப் பாடும் பாட்டு. தீ தணியத் தணியப் பாட்டும் மெல்லத் தணியும். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று, வலக்கையை இடக்கைமேல் குறுக்காக வைத்துப் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததைச் சொல்லும் ஓர் அமைதிப் பாட்டைப் பாடிக் கலைவார்கள். இந்தக் கடைசிப் பாட்டின் மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1862-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, பாசறையில் விளக்கணைக்கச் சொல்லி ஊதிய கொம்பின் இசை அது. போர்வீரரின் கொம்பு, பெண் பிள்ளைகளின் தாலாட்டாக மாறிவிட்டது!

இன்னொரு வகைப் பாட்டும் உண்டு. பிள்ளைகளை மூன்று அணியாகப் பிரிப்பார்கள். முதல் அணி பாடத் தொடங்கும். அது இரண்டாவது அடிக்குப் போகும்போது அடுத்த அணி முதல் அடியை எடுக்கும். பிறகு மூன்றாவது அணி. மூன்று அணியும் வெவ்வேறு அடியைப் பாடினாலும் கேட்பதற்கு ஒன்றோடொன்று இழைந்து வரும். இதில் ஒரு பாடம் இருக்கிறது. பக்கத்து அணியின் பாட்டைக் காதில் வாங்கவும் வேண்டும். தன் அடியை விட்டுவிடவும் கூடாது. அடுத்தவரை அமுக்கிக் கத்தினாலும் கெட்டுப்போகும். பயந்து வாயை மூடிக்கொண்டாலும் கெட்டுப்போகும். ஒரு குடும்பத்துக்கும், ஒரு தோட்டத்துக்கும், ஒரு நாட்டுக்கும் இதைவிட நல்ல பாடம் உண்டா?

இவையெல்லாம் நமக்கு முற்றிலும் புதிதல்ல. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பஜனை நம்மிடம் உண்டு. வட்டமாக நின்று கைகொட்டிப் பாடும் கும்மி உண்டு, கோலாட்டம் உண்டு. மாரியம்மன் திருவிழாவில் நம் பாட்டிமார் பாடாத பாட்டா? சாரணியர் வட்டத்தில் நம் பிள்ளை நிற்கும்போது ஏதோ வெள்ளைக்காரர் வழக்கத்தைக் கற்கிறாள் என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. கும்மி வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பாட்டு வழக்கத்தை உண்டாக்கியவர் ஒலேவ் ஒருவரே என்று சொல்வதற்கில்லை. பல நாட்டுத் தலைவிகளும் இசை ஆசிரியைகளும் சேர்ந்து வளர்த்தது அது. ஒலேவ் செய்தது, அந்த வட்டத்தை உலகம் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கியது. 1924-இல் இங்கிலாந்தில் ஃபாக்ஸ்லீஸ் என்ற இடத்தில் முதல் உலக முகாம் கூடியது. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத பெண் பிள்ளைகள் ஒரே தீயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். 1926-இல் அமெரிக்காவில் கூடிய மாநாடு, ஆண்டில் ஒரு நாள் எல்லா நாட்டுச் சாரணியரும் ஒருவரை ஒருவர் நினைக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அதற்கு அவர்கள் தேர்ந்த நாள் பிப்ரவரி 22, பேடன் பவல் தம்பதியரின் பிறந்த நாள். அதுவே சிந்தனை நாள். 1932-இல் ஒலேவ் எல்லாச் சாரணியருக்கும் ஒரு கடிதம் எழுதினார். அந்த நாளில் ஆளுக்கு ஒரு பென்னி காசு கொடுங்கள், உலக இயக்கத்துக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் பழமொழி. அதை அந்த அம்மையார் செய்தே காட்டினார்.

உலகச் சாரணியருக்கென்று ஒரு பொதுப் பாட்டும் உண்டு. பின்லாந்து நாட்டின் இசைமேதை சிபேலியஸ் அமைத்த இசை அதற்கு மெட்டானது. அந்த ஒரே மெட்டை வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் தத்தம் மொழியில் பாடுகிறார்கள். மெட்டு ஒன்று, மொழி பல. தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். தாய்மொழியை விட்டுவிட்டுத்தான் உலகத்தோடு சேர முடியும் என்பதில்லை. தாய்மொழியிலேயே பாடிக்கொண்டு சேரலாம்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இயக்கம் ஆங்கிலேய ஆட்சியோடு வந்தது. இந்தியாவில் 1911-இல் தொடங்கியபோது வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருந்தது. 1916-க்குப் பிறகே இந்தியப் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இலங்கையில் 1917-இல் கண்டியில் தொடங்கியது. நம் மலாயாவுக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆனால் ரப்பர்க் காட்டில் அப்பா அம்மா பால் வெட்டப் போக, தம்பி தங்கையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த நம் வீட்டுச் சிறுமிக்கு அந்தச் சீருடை அப்போது எட்டாக்கனி. காலம் மாறியது. நாடு சுதந்திரம் அடைந்தது. 1960-இல் மலாயாச் சாரணியர் சங்கம் உலகச் சங்கத்தில் முழு உறுப்பினர் ஆனது. இன்று மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாரும் ஒரே சீருடையில் நிற்கிறார்கள்.

1938-இல் முதுமையின் காரணமாகப் பேடன் பவல் தம்பதியர் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு நியேரி என்ற ஊரில் குடியேறினார்கள். 1941-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் ராபர்ட் பேடன் பவல் அங்கே காலமானார். ஒலேவுக்கு வயது 51. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. எத்தனையோ நாடுகளில் சாரணியர் இயக்கத்துக்குத் தடை. அவர் கட்டி வளர்த்த வட்டம் துண்டு துண்டாகச் சிதறிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? ஜப்பான்காரன் காலம். சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே எலிசபெத் எனிஸ் என்ற அம்மையார், எட்டு முதல் பதினாறு வயதுள்ள இருபது சிறுமிகளைக் கூட்டிச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். சோற்றுக்கே வழியில்லாத சிறையில், கிழிந்த துணித் துண்டுகளைப் பொறுக்கி, அந்தப் பிள்ளைகள் தலைவியின் பிறந்த நாளுக்கென்று அவருக்குத் தெரியாமல் ஓர் ஒட்டுப் போர்வை தைத்தார்கள். அதே சிங்கப்பூரில், 1943-இல், சிறைக்கு வெளியே, எதிர் அணியில், நம் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, நடைப்பாட்டுப் பாடி அணிவகுத்தார்கள். இவர்களுக்கும் அவர்களுக்கும் கொடி வேறு, குறிக்கோள் வேறு. ஆனாலும் ஒன்று பொது. தனியாக இருந்தால் நடுங்கியிருக்கும் பெண் பிள்ளை, பக்கத்தில் இன்னொரு பிள்ளை நின்றதும் நிமிர்ந்து நின்றாள்.

கணவர் போன பிறகு ஒலேவ் முடங்கிவிடவில்லை. 1942-இல் இங்கிலாந்து திரும்பினார். போர் முடிந்ததும் மறுபடி பெட்டியைக் கட்டினார். சிதறிப்போன ஐரோப்பிய நாடுகளுக்குப் போய் அங்கிருந்த சாரணியரைக் கண்டு தைரியம் சொன்னார். அதன் பிறகு ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா என்று சுற்றிக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் அவர் கால் பட்ட நாடுகள் நூற்றுக்கு மேல். சிறு வயதில் பதினேழு வீடு மாறியபோது துன்பமாக இருந்த பயணம், பெரியவரானதும் தொண்டாக மாறிவிட்டது.

1966-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் இந்தியாவில் புனே நகரில் சாரணியருக்கான உலக மையம் ஒன்றைத் தம் கையால் திறந்து வைத்தார். அப்போது அவருக்கு வயது 77. அந்த மையத்தின் பெயர் என்ன தெரியுமா? சங்கம்! நமக்கு இது புதிய சொல்லா? சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த இனம் அல்லவா நம்முடையது! ஒன்று கூடுவது என்பதே அந்தச் சொல்லின் பொருள். பல நாட்டுப் பெண்கள் இன்றும் அங்கே வந்து தங்கிப் போகிறார்கள்.

எண்பது வயதுக்குப் பிறகு உடல்நலம் கெட்டது. பயணம் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்துவிட்டார்கள். 1977-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தம் 88-ஆம் வயதில், ஒலேவ் அம்மையார் காலமானார். அவருடைய அஸ்தியைக் கென்யாவுக்குக் கொண்டு சென்று கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்கியிருக்கிறார்கள். காட்டுப் பாதையில் பின்னால் வருபவர்களுக்காகச் சாரணர்கள் விட்டுச் செல்லும் அடையாளம் அது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

பெற்றோர்களே! இந்த வரலாற்றை எதற்காகச் சொன்னேன்? பள்ளி முடிந்து புறப்பாட நடவடிக்கை என்றால் நம்மில் சிலர் என்ன சொல்கிறோம்? பையனாக இருந்தால் பந்து விளையாடிவிட்டு வரட்டும் என்று விடுகிறோம். பெண் பிள்ளை என்றால் சீக்கிரம் வீட்டுக்கு வா, பாத்திரம் கிடக்கிறது, தம்பியைப் பார்த்துக்கொள் என்கிறோம். உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. இருட்டோடு எழுந்து வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு கை உதவி பெரிய உதவிதான். பஸ் பிரச்சினையும் இருக்கிறது. சீருடைக்குக் காசும் வேண்டியிருக்கிறது. ஆனாலும் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், அவளை அந்த வட்டத்தில் நிற்க விடுங்கள்.

அவளுக்குக் குரல் நன்றாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள். பரிசு வாங்குகிற குரல் இருந்தால் தனியாக மேடை ஏறிப் பாடட்டும். அது இல்லாத பிள்ளைக்காகத்தான் சேர்ந்து பாடும் பாட்டு இருக்கிறது. வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிற பெண், வெளி ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பெண், அந்த வட்டத்தில் முதலில் உதட்டை மட்டும் அசைப்பாள். அடுத்த வாரம் மெல்ல முணுமுணுப்பாள். மூன்றாவது வாரம் அவள் குரல் அவளுக்கே கேட்கும். தன் குரல் தனக்குக் கேட்ட பெண் பிள்ளை, நாளைக்கு ஆபீசில் பாரம் பூர்த்தி செய்யவும், நியாயம் கேட்கவும், வேலைக்கு நேர்முகத் தேர்வில் பதில் சொல்லவும் பயப்பட மாட்டாள்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒரு சொல். வட்டத்தில் பக்கத்தில் நிற்கிற பிள்ளை சுதி தவறினால் சிரிக்காதீர்கள். அவள் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து பாடுங்கள். பள்ளிக்கூடத் தோழமை என்ன என்றே தெரியாமல் வளர்ந்த ஒரு சிறுமி, பிற்காலத்தில் கோடிக்கணக்கான சிறுமிகளுக்கு அந்தத் தோழமை கிடைக்க உழைத்தாள். வரும் பிப்ரவரி 22-ஆம் நாள் சிந்தனை நாளில் அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, நம் தமிழிலேயே, எல்லாரும் சேர்ந்து பாடுங்கள்.

வாழ்க ஒலேவ் அம்மையார் புகழ்! வளர்க நம் பிள்ளைகளின் ஒற்றுமை!